மான்ஸ்டெரா துண்டுகள் அழுகுகின்றன: எதில் நட்டால் வேர் பிடிக்கும்?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மா 6 ஆண்டுகளாக வளர்த்த மான்ஸ்டெரா (பெரிய, பிளவுபட்ட இலைகளுள்ள அழகுச்செடி) வேர் அழுகிச் சாய்ந்துவிட்டது. ஐப்பசி முதல் வாரத்தில் அதிலிருந்து 7 துண்டுகள் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் கணு, இலை, காற்றுவேர் உண்டு. இன்று மிச்சம் மூன்றுதான்.

இரண்டைத் தண்ணீரில் வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் மாற்றியும் 12ஆம் நாள் வெட்டிய இடம் கறுத்து, குழகுழவென்று நாற்றமெடுத்தது. இரண்டைத் தேங்காய் நார்த்தூளில் நட்டேன். கட்டியை ஒருமுறைதான் ஊறவைத்துப் பிழிந்தேன். அதில் உப்பு இருக்கும், பலமுறை அலச வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆழ்குழாய் நீரும் உப்புக் கரிக்கும். மழை தொடங்கியபின் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்றே இருந்தது. அந்த இரண்டும் போயின.

மீதி மூன்றும் வெறும் ஆற்றுமணலில், நேர்வெயில் படாத ஜன்னலோரம் இருக்கின்றன. தண்டு பச்சையாக இருக்கிறது. புது வேர் இல்லை. கையில் பெர்லைட் (நீர் தேங்காமலிருக்க மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைக் குருணை), நன்றாக அலசிய நார்த்தூள், பிடித்துவைத்த மழைநீர் உண்டு. அம்மாவின் செடி, இதையும் இழக்க மனம் வரவில்லை.

இந்த ஈரக்காற்றில் மணலிலேயே விடுவதா, பெர்லைட்டும் நார்த்தூளும் கலந்து மாற்றுவதா? கலப்பதென்றால் எந்த விகிதத்தில்?