பிரிட்டனில் பார்த்த பருந்துகளும் ஆந்தைகளும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரெட் கைட்டிலிருந்து நானே தொடங்கி வைக்கிறேன். லண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு எம்40 சாலையில் போனவர்கள் இந்தப் பருந்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஸ்டோக்கன்சர்ச் தாண்டியதும் சில்டர்ன்ஸ் குன்றை வெட்டிச் சாலை கீழே இறங்கும். அந்த வெட்டுக்கு மேலே இரண்டு மூன்றாவது சுற்றிக்கொண்டிருக்கும். காரில் இருந்து பார்த்தால் போதாது. பக்கத்திலேயே ஆஸ்டன் ரோவன்ட் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. அங்கே குன்றின் விளிம்பில் போய் நின்றால் ஆக்ஸ்ஃபோர்டுச் சமவெளி முழுக்கக் கண்முன் விரியும், பருந்து நம் காலுக்குக் கீழே பறக்கும். பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எவ்வளவு அபூர்வம்! செம்பழுப்பு முதுகு, சாம்பல் தலை, கவட்டை போலப் பிளந்த வால். காற்று திசை மாறும்போது வாலை மட்டும் கொஞ்சம் திருப்பும், அவ்வளவுதான். இறக்கை விரிப்பு 1.8 மீட்டர் வரும், எடையோ சுமார் 1 கிலோதான். அதனால் லேசான காற்று இருந்தாலே நெடுநேரம் இறக்கை அடிக்காமல் மிதக்கிறது.

இப்போது இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற இந்தப் பறவை, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அடியோடு அழிந்துபோயிருந்தது. வேட்டைப் பண்ணைக் காவலர்கள் சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் முட்டை சேகரிப்பவர்கள் கூட்டைத் தேடிப் போனார்கள். நடு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் மட்டும் சில ஜோடிகள் தப்பின. 1989இல் தொடங்கி 1994 வரை ஸ்பெயினிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள். இன்று ரீடிங், ஹை விக்கம் வீட்டுக் கூரைகளுக்கு மேலே பறப்பவை அவற்றின் வழிவந்தவைதான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிற்பாடு நடந்த விஷயம்: ஸ்பெயினின் தென்மேற்கில் இந்த இனம் குறைந்துபோனதால், 2022இல் இங்கிலாந்தில் பொரித்த குஞ்சுகளை எக்ஸ்ட்ரிமதுராவுக்கு அனுப்பினார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ரீடிங் பக்கம் நிறையப் பேர் தோட்டத்தில் கோழித் துண்டு போட்டு இவற்றை வரவழைக்கிறார்கள். ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் எலும்பில்லாத வெறும் இறைச்சியையே தின்று வளர்ந்தால் குஞ்சுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு வளைந்துவிடும். புல் வெட்டும் நாளில் ஏதாவது வயல் பக்கம் போய்ப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே வந்து இறங்கி, புழுவையும் செத்த எலியையும் பொறுக்கித் தின்னும். அதற்கு நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இறைச்சி தேவையில்லை.

* * *

அண்ணா, நல்ல தொடக்கம். நான் நார்ஃபோக்கில் இருக்கிறேன், எங்கள் பக்கத்துப் பறவை கூகைதான். பார்ன் அவுல்.

குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். வேலை முடிந்து சதுப்புப் புல்வெளியை ஒட்டிய சிறிய சாலையில் வரும்போது, வாய்க்கால் ஓரமாக வெள்ளையாக ஒன்று தாழப் பறந்து வரும். வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும், திரும்பும், அடுத்த வரிசையைப் பிடிக்கும். திடீரென்று நின்று, கால்களை முன்னால் நீட்டிப் புல்லுக்குள் விழும். ஒருநாள் மதகுக் கட்டை மேல் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. இறக்கைச் சத்தம் துளிகூடக் கேட்கவில்லை. முன் இறகுகளின் விளிம்பில் சீப்புப் பற்கள் மாதிரி இருக்கும் மெல்லிய இழைகள் காற்றின் சத்தத்தை அடக்கிவிடுகின்றன. ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயும் இருப்பதால், இருட்டில்கூட எலி எங்கே ஓடுகிறது என்று ஒலியை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு திறமைக்கும் ஒரு விலை உண்டு. அந்த மென்மையான இறகு மழையைத் தாங்காது. தொடர்ந்து மழை பெய்தாலோ பனி மூடினாலோ வேட்டையாட முடியாமல் பட்டினி கிடந்து செத்துப்போகும். எங்கள் ஊரில் ஜனவரியில் ஒரு வாரம் விடாமல் பெய்தால் எனக்கு முதலில் அதன் நினைவுதான் வரும். சாலை இன்னொரு எமன். அகலமான நெடுஞ்சாலையின் புல் ஓரத்தில் எலி நிறைய இருக்கும். அதைத் தேடித் தாழப் பறந்து வருகிற கூகை லாரியில் அடிபடும். அப்புறம் எலி மருந்து. மருந்து தின்ற எலியைக் கூகை தின்னும். செத்துக் கிடக்கும் கூகைகளைச் சோதித்தால் பெரும்பாலானவற்றின் ஈரலில் அந்த நஞ்சு இருக்கிறது.

அக்கம்பக்கத்து விவசாயி ஒருவர் தன் கொட்டகையில் கூகைக்கு மரப்பெட்டி வைத்திருக்கிறார். கூடு கட்டியிருக்கும்போது உரிமம் இல்லாமல் தொந்தரவு செய்வது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இலையுதிர்காலத்தில் கீழே கிடக்கும் உருண்டைகளை எனக்குக் கொடுப்பார். கூகை செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் சேர்த்துக் கக்கியது. வெந்நீரில் ஊறவைத்து மகளும் நானும் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலும் வயல் எலியின் மண்டை ஓடுதான். நடுவே பல் நுனி சிவப்பாக ஒரு சின்ன மண்டை ஓடு வந்தால் அது ஷ்ரூ, மூஞ்சூறு இனம். பல்லில் இரும்புச் சத்து இருப்பதால் அந்தச் சிவப்பு. இதை ஒரு தடவை சொன்னதிலிருந்து மகள் சிவப்புப் பல்லை மட்டும் தனியாகத் தேடுகிறாள்.

* * *

அக்கா சொன்ன கூகை கிறீச்சிடும், அலறாது. இரவில் "ஹூ... ஹூஹூஹூ" என்று கேட்டால் அது டானி ஆந்தை. "கீவிக்" என்று இடையில் வெட்டுவது பொதுவாகப் பெண். இலையுதிர்காலத்தில் எல்லைச் சண்டை நடக்கும்போது லண்டன் பூங்காக்களிலேயே நன்றாகக் கேட்கலாம். பெல்ஃபாஸ்டில் இருக்கும் நண்பர்கள் காத்திருக்க வேண்டாம், அயர்லாந்துத் தீவில் இந்த ஆந்தை கிடையாது.

மே மாதம் மரத்தடியில் பஞ்சுருண்டையாய் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு வெளியே வருவது அதன் வழக்கம். அலகாலும் நகத்தாலும் பிடித்து மரத்தில் தானே ஏறிவிடும். எங்கள் பூங்காவில் ஒன்று ஓக் மரத்தில் அப்படி ஏறுவதை முழுக்கப் பார்த்தேன், வழுக்கி வழுக்கி மறுபடி ஏறியது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், சும்மாவும் இருக்காது. எரிக் ஹாஸ்கிங் என்ற பறவைப் புகைப்படக்காரர் 1937இல் ஒரு கண்ணை இழந்தது டானி ஆந்தையின் நகத்தால்தான்.

* * *

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் ஸ்பேரோஹாக் பற்றிச் சுருக்கமாக. குருவிகளை வேட்டையாடும் சின்னப் பருந்து இது. பக்கத்து வீட்டு அம்மா குருவிகளுக்குத் தீனி வைப்பவர். வேலி மேலாக மின்னல் வேகத்தில் வந்து ஒரு சிட்டை அது தூக்கிப்போனதும் அழுதே விட்டார். இதை விரட்ட வழி சொல் என்று என்னிடம் கேட்டார். நான் பழைய கதையைச் சொன்னேன். 1950களில் விதைக்குப் பூசிய ஆல்ட்ரின், டீல்ட்ரின் நஞ்சு, விதை தின்ற குருவிகள் வழியாக இதற்குப் போய், கிழக்கு இங்கிலாந்தில் இந்த இனமே ஏறக்குறைய இல்லாமல் போனது. டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே உடைந்தது. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் சேகரிப்புகளில் இருந்த பழைய முட்டைகளோடு ஒப்பிட்டு ஓடு மெலிந்துபோனதைக் காட்டினார். தோட்டத்துக்கு ஸ்பேரோஹாக் வருகிறது என்றால் அதைத் தாங்கும் அளவுக்கு அங்கே குருவி இருக்கிறது என்றுதான் பொருள்.

அவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் குருவிகள் சட்டென்று ஒளிய வசதியாகத் தீனிக் கூண்டை ஹாலி புதருக்குப் பக்கத்தில் மாற்றி வைத்திருக்கிறார், விரட்டுகிற பேச்சை விட்டுவிட்டார்.