புஸ்ஸென்று போன தோட்டா

பள்ளத்தூர்க்காரன் (இப்போது டெக்ஸஸ்):

பழகுவதற்குச் சுடும் தோட்டாவில் வெடிமருந்து குறைச்சல்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நினைத்தவன்தான்.

என்னிடம் இருப்பது .458 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள். யானையையும் எருமையையும் மனதில் வைத்து 1956-ல் வந்தது. டெக்ஸஸில் யானை ஏது? தெற்கே பண்ணைகளில் நம் நாட்டு நீல்காய் உண்டு, காட்டுப்பன்றி உண்டு. இரண்டுக்குமே இது அதிகம். ஆசைக்கு வாங்கியது, அவ்வளவுதான். முழுத் தோட்டாவில் குண்டு மட்டுமே 500 கிரெய்ன், நம் கணக்கில் நான்கு பவுன். சுட்டால் தோளில் விழும் உதை, சாதாரண .30-06 ரைஃபிளைப் போல மூன்று மடங்கு இருக்கும். பத்துத் தோட்டா போனதும் கண் தானாக மூடிக்கொள்ளும், விரல் விசையைச் சுண்டும், குண்டு தரையைத் தோண்டும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டினால் லேசில் விடாது. அதற்காகத்தான் மெதுவான தோட்டா.

ஒரு வசதி, 1873-ல் வந்த .45-70 தோட்டாவும் இதுவும் ஒரே விட்டக் குண்டைத்தான் சுடுகின்றன. அதற்கான ஈயக்குண்டை இதன் பித்தளைக் கூட்டில் வைத்து அந்தப் பழைய வேகத்துக்கு இறக்கிவிடலாம். உதை பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே நிரப்பத் தடை இல்லை. எவ்வளவு மருந்து, எந்த மருந்து என்பதை இங்கே எழுத மாட்டேன். மருந்துக் கம்பெனியின் கையேட்டில் இருக்கிறது, அதற்கு மேலேயும் கீழேயும் போகக் கூடாது. கீழே என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அண்டா மாதிரி கூடு, அதில் கைப்பிடி மருந்து. படுத்துக் கிடக்கும்போது மருந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி பற்றும். வேகமாக எரியும் மருந்து என்றால் இன்னொரு தொல்லை. தவறி இரண்டு தடவை போட்டாலும் கூடு வழியாது, வெளியே தெரியவே தெரியாது. அதனால் குண்டை வைக்குமுன் ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பேன்.

ஒரு ராத்திரி பார்க்கவில்லை. பாதியில் ஊரிலிருந்து ஆத்தா போன். படைப்புக்கு (முன்னோருக்குப் போடும் படையல்) யார் யார் வருகிறார்கள், எத்தனை புள்ளி (குடும்பக் கணக்கு) என்று அரை மணி நேரம். திரும்பி வந்து, விட்ட இடம் இதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டு நிரப்பினேன்.

சனிக்கிழமை ரேஞ்சில் ஏழாவது தோட்டா. ‘டம்’ வரவில்லை. நமுத்துப்போன வெடி மாதிரி ‘புஸ்’. உதையே இல்லை. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். கை பழக்கதோஷத்தில் போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் தாழ்) இழுக்கப் போனது. இழுத்து அடுத்ததை ஏற்ற இரண்டு விநாடி போதும். என்னை நிறுத்தியது என் புத்தி இல்லை, ஐயாவின் (என் தாத்தா) துப்பாக்கிக் குழல்.

ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர். திரும்பி வரும்போது தேக்கோடு ஒரு .404 ரைஃபிளும் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துவிட்டது, லைசென்ஸும் ஐயாவோடு போனது. அப்பச்சி (என் அப்பா) அந்த ரைஃபிளை ஒப்படைக்கக் கிளம்பிய அன்று, போல்ட்டைக் கழற்றிவிட்டு முற்றத்து வானத்தைப் பார்த்துக் குழலில் கண்ணை வைக்கச் சொன்னார். உள்ளே பளபளவென்று முறுக்கு வரிகள் சுற்றிக்கொண்டு போயின. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வளையல். “ஐயா மருந்தைக் குறைத்துப் போட்டுச் சுட்டது. முதல் குண்டு உள்ளேயே நின்றுவிட்டது. தெரியாமல் இரண்டாவதைச் சுட்டார்” என்றார் அப்பச்சி. வெளியே தடவிப் பார்த்தால் விரலுக்கு மோதிரம் போட்டது போல லேசான மேடு. இரும்பு நல்ல இரும்பு, வீங்கியதோடு நின்றது. வெடித்திருந்தால் அப்பச்சி கதை சொல்ல வந்திருக்க மாட்டார்.

அந்த மேடு விரல் நுனியில் ஞாபகம் வந்தது. குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு, தாமதமாகப் பற்றினாலும் பற்றட்டும் என்று அரை நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நின்றேன். அப்புறம் போல்ட்டைக் கழற்றிவிட்டு முன்பக்கமாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டேன். முக்கால் தூரம் போய் ‘டிக்’கென்று நின்றது. அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றே அந்தக் குண்டை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

கானாடுகாத்தான் வளவு:

அண்ணே, எங்களுக்கும் ஒரு அனுபவம். இரண்டாம் கட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையைக் காலி செய்தபோது, தகர டப்பாவில் பழைய தோட்டா பதினாறு. அத்தனையும் கழுத்தில் நெடுக்காகக் கீறல், கத்தியால் வகுந்த மாதிரி. எலியோ, யாராவது விளையாடியதோ என்று நினைத்தோம். விசாரித்தால் காரணம் மாட்டு மூத்திரம்! அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா, அழுத்தி இழுத்துத் தயாரான பித்தளையைப் பிளந்துவிடுமாம். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்களே இப்படி வெடிப்பு விட்டு, வெகுகாலம் காரணம் தெரியாமல் முழித்திருக்கிறார்கள். உள்ளே இருந்த மருந்து சேமியா மாதிரி நீளக் குச்சிகள். கார்டைட் என்றார்கள். நாங்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை, ஸ்டேஷனுக்குச் சொல்லி அவர்களையே வந்து எடுத்துப்போகச் சொன்னோம். மூன்று தடவை கையெழுத்து வாங்கினார்கள், அது தனிக் கதை.

தேவகோட்டை லைசென்ஸ்காரர்:

தம்பி, டெக்ஸஸ் கதையைப் படித்துவிட்டு நம்மூர்ப் பையன்கள் யாரும் கிளம்பிவிட வேண்டாம். இங்கே 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். சுடும் லைசென்ஸ் வேறு, செய்யும் லைசென்ஸ் வேறு. கொள்ளுக்குடிப்பட்டியில் கொக்கு, நாரைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத சனம் இருக்கும் வட்டாரம் இது.

என்னிடம் இருப்பது .315 ரைஃபிள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பேன். கண் மூடும் வியாதிக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நான் பார்க்காமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு டம்மியை (மருந்தில்லாத போலித் தோட்டா) ஏற்றிக் கொடுப்பார். அது வரும்போது உதையே இல்லாமல் குழல் மட்டும் கீழே குனியும். எவ்வளவு பயந்திருக்கிறோம் என்று ஊருக்கே தெரியும். ஒரு பைசா மருந்துச் செலவு கிடையாது. அது சரி, உள்ளே மாட்டிய குண்டு என்ன ஆச்சு?

பள்ளத்தூர்க்காரன்:

துப்பாக்கி பழுது பார்ப்பவர் எண்ணெய் விட்டு, கம்பியால் தட்டி எடுத்துக் கொடுத்தார் அண்ணே. குண்டின் பக்கவாட்டில் முறுக்கு வரி அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. தோட்டா நிரப்பும் மேசையில்தான் கிடக்கிறது. இப்போது ஆத்தா போன் செய்தால் அரைகுறையாக நிற்கும் கூடுகளை அப்படியே கவிழ்த்துவிட்டுத்தான் எடுப்பது. “என்னடா, ஏதோ கொட்டுகிற சத்தம்?” என்று கேட்பாள். சமையல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.