பூட்டு உடைந்த வீடுகளின் கணக்கைக் கேட்டபோது

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. விடியும் முன்பே ஜீப் வந்துவிடும். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடும். காய் எடுக்கும் மாதங்களில் பகல் முழுக்கத் தெருவே பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் பூட்டை உடைத்து, பீரோவில் இருந்த அம்மாச்சியின் தண்டட்டியை எடுத்துப் போனார்கள். எழுபது வயதுவரை அவர் காதில் கிடந்த பொருள் அது.

ஸ்டேஷனில் புகாரை வாங்கியதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டதற்கு, "விசாரிச்சுட்டுப் போடுறோம்மா" என்றார் ஏட்டய்யா. அப்புறம் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு, கீழத்தெருவில் ஒன்று. எல்லோர் கையிலும் ரசீதுதான். மொத்தம் எத்தனை வீடு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். அதில் இருப்பது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. ரசீதோடு நின்ற எங்கள் வீடு அந்தக் கணக்கிலேயே வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம் என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு அனுப்பினேன். 'எல்லாத் திருட்டு வழக்குகளின் முழு விவரம்' என்று கேட்டிருந்தேன். அது என் தவறு. 8(1)(எச்) பிரிவைக் காட்டி, விசாரணை பாதிக்கும் என்று மறுத்துவிட்டார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணமாகாது, எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும் என 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொன்னதை அதில் எழுதினேன். கூடவே, பெயரும் முகவரியும் வேண்டாம், மாதவாரியாக எண்ணிக்கை மட்டும் போதும் என்று சுருக்கினேன்.

கேட்கிறவர்கள் வார்த்தையில் கவனமாக இருங்கள். போலீஸ் பதிவேட்டில் பூட்டை உடைத்து நுழைவது 'கன்னக்களவு'. அதிலும் பகல் வேறு, இரவு வேறு. வெறும் 'திருட்டு' என்று கேட்டால் பாதிதான் வரும். 1.7.2024-ல் சட்டம் மாறியது. அதற்கு முந்தைய வழக்குகளுக்கான பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டம் 454, 457, 380. பிந்தையது பாரதிய நியாய சன்ஹிதா 331, 305. இரண்டையும் எழுதுங்கள். முக்கியமாக, எத்தனை சி.எஸ்.ஆர். கொடுத்தீர்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது என்று தனியாகக் கேளுங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பிறகு எனக்கு வந்த பதிலில் சி.எஸ்.ஆர். எண்ணிக்கைக்கும் எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துத் தெருவே கொதித்தது. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் தந்த தீர்ப்பு. அதன் நகலோடு நான்கு வீட்டாரும் டி.எஸ்.பி.யைப் பார்த்தோம். நான்கு வழக்கும் பதிவாயின. தண்டட்டி இன்னும் வரவில்லை.

*பீருமேட்டிலிருந்து ஒருவர்:*
அக்கா, நான் மலைக்கு இந்தப் பக்கம். இங்கேயும் கட்டணம் 10 ரூபாய்தான். மனுவைத் தமிழிலேயே எழுதினேன். 1969-ம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அதற்கு இடமுண்டு. பதில் மலையாளத்தில் வந்தது, பக்கத்து வீட்டு சேச்சி படித்துச் சொன்னார். திருடுகிறவன் செக்போஸ்ட் பார்த்துத் திருடுவதில்லை. அதனால் எல்லையில் இருப்பவர்கள் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி மனு போடுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது கேரள போலீசின் போல்-ஆப்பில் தெரிவிக்கவும் வசதி இருக்கிறது, நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் செய்கிறேன்.

*போடியிலிருந்து ஒருவர்:*
30 நாள் தாண்டியும் எனக்குப் பதிலே வரவில்லை. மனுவில் காரணம் எழுதாததால் இருக்குமோ?

*பதில்:*
இல்லை தம்பி. 6(2) பிரிவுப்படி காரணம் சொல்லவே தேவையில்லை. பதில் வராததும் மறுத்ததற்குச் சமம்தான். இன்றைக்கே முதல் மேல்முறையீட்டை எழுதுங்கள். மனு போய்ச் சேர்ந்த ஒப்புகை அட்டையின் நகலை மறக்காமல் இணையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.