நூறு ரோபக்ஸ் பாஸில் செஞ்சவருக்கு எவ்வளவு?

பிளாக்_மேஸ்திரி: யார் வேணாலும் கேம் செஞ்சு போடுற ரோப்லாக்ஸ் தளம், கேம் பாஸ் (கேமுக்குள்ளே கூடுதல் வசதி தர்ற சீட்டு) வித்தா 30 எடுத்துக்கிட்டு 70 சதவீதத்தை கேம் செஞ்சவருக்கே கொடுக்குதுன்னு நேத்து ஒருத்தர் இங்கே எழுதிட்டுப் போயிட்டார். எரிச்சலா இருக்கு. அந்த 70 ரோபக்ஸில்தான், அதாவது அந்தத் தளத்தோட சொந்தக் காசில்தான், டாலரில் இல்ல. ஆப்பில் 400 ரோபக்ஸ் 4.99 டாலர். அப்போ 100 ரோபக்ஸ் கேம் பாஸுக்கு ஆடுற பிள்ளை கொடுக்கிறது 1.25 டாலர். செஞ்சவருக்கு ஏறுறது 70 ரோபக்ஸ். ரோபக்ஸை டாலரா மாத்தித் தர்ற டெவ்எக்ஸ் திட்டத்தில் மாத்தினா ஒண்ணுக்கு 0.0035 டாலர், மொத்தம் 24.5 சென்ட். இருபது சதவீதம்கூட தேறல.

லுவா_தம்பி: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். கேம் பாஸ் பங்கு 70. அதுல மாத்தம் இல்ல. 0.0035 பழைய ரேட் அண்ணே, 2025 செப்டம்பர்லேருந்து 0.0038. வெப்சைட்டில் வாங்கினா அதே 4.99க்கு 500 ரோபக்ஸ்.

பிளாக்_மேஸ்திரி: உங்க ரேட்டையே வைங்க. வெப்சைட்டில் 100 ரோபக்ஸ் ஒரு டாலர், செஞ்சவருக்கு 26.6 சென்ட். எழுபது எங்கே?

சர்வர்_ராணி: ஆப்பில் வாங்கினா ஆப்பிள், கூகுள் ஆப் கடைக்கே 30 சதவீதம் வரை போகுது. சர்வர், மாடரேஷன் செலவு யார் தலையில? 2015 ஏப்ரலில் வால்வோட ஸ்டீம் கடையில் ஸ்கைரிம் கேமுக்கு ஆடுறவங்க செஞ்ச மாட் (கூடுதல் பகுதி) வித்தப்போ செஞ்சவருக்கு 25 சதவீதம், வால்வுக்கு 30, கேமோட சொந்தக்காரங்களான பெதஸ்டாவுக்கு 45. அங்கே சர்வரும் கிடையாது.

பிளாக்_மேஸ்திரி: அதனாலதான் ஜனம் கொதிச்சு நாலே நாளில் மூடினாங்க. ஆனா அந்த 25 வாங்குறவர் கொடுத்த டாலரில் 25. அதை 70னு யாரும் சொல்லல. இங்கே பணமா எடுக்க 30,000 ரோபக்ஸ் சேரணும். உழைச்சு வந்தது மட்டும்தான் கணக்கு, காசு கொடுத்து வாங்கினது செல்லாது. 100 ரோபக்ஸ் பாஸ் 429 விக்கணும். நடுவுல விளம்பரத்துக்குச் செலவழிச்சா மறுபடி ஏறணும்.

லுவா_தம்பி: ரோபக்ஸில் 70. திரும்பச் சொல்றேன், 70. ரோப்லாக்ஸ் பொம்மைக்குப் போடுற தொப்பிக்கு 10,000 ட்ரையாங்கிள் (3டி வடிவத்தோட முக்கோணத் துண்டு) ஏத்தலாம்னு போன மாசம் புதுசா வந்த பையனுக்குச் சொன்னவர் எனக்குக் கணக்கு சொல்றார். 4,000 தாண்டினா அப்லோடே ஆகாது.

பிளாக்_மேஸ்திரி: அன்னிக்கே திருத்திட்டேன், பாக்காம பேசாதீங்க. தொப்பி விக்கிறவருக்கு உங்க 70ம் கிடையாது, 30 தான்.

லுவா_தம்பி: நான் தொப்பியைப் பத்திப் பேசவே இல்ல.

சர்வர்_ராணி: கடைக்காரன் 30க்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பிளாக்_மேஸ்திரி: அதைக் கழிச்சாலும் 1.25ல் 87 சென்ட் மிச்சம். அதுல 26.6. எழுபது எங்கே?