சாப்பிட்டதும் தொப்பைக் கொழுப்புக்கு ரத்தம் அதிகமாகப் போகுமா?

தண்டையார்பேட்டைவாசி:
வணக்கம். என் மச்சானுக்கு சர்க்கரையும் எடையும் கூடுதல் என்று வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைடு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குடலில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களின் வேலையை அது செய்யும் என்றார்கள். சரி, என்னவென்று பார்ப்போம் என்று படிக்க ஆரம்பித்தால், அதில் ஒன்றான ஜி.ஐ.பி., கொழுப்புத் திசுவுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டி அங்கே கொழுப்பு சேர உதவுகிறது என்று இருக்கிறது. அப்படியானால் ஊசி போட்டால் தொப்பை கூடத்தானே வேண்டும், எடை எப்படிக் குறைகிறது? எனக்கும் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் வந்திருக்கிறது, ஆள் ஒன்றும் குண்டு இல்லை, வயிறு மட்டும்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் உடலியல் டீச்சர்:
தம்பி, நீங்கள் படித்தது சரிதான், ஆனால் கொழுப்புத் திசுவில் கொழுப்பு சேர்வதே கெடுதல் என்று வைத்துக்கொண்டு படித்திருக்கிறீர்கள், குழப்பம் அங்கேதான்.

பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ சாப்பிடுகிறீர்கள். நூடுல்ஸில் மாவுச்சத்து, பொரித்த வெங்காயத்திலும் மேலே ஊற்றுகிற எண்ணெயிலும் கொழுப்பு. இந்த இரண்டும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தொட்டதும் அங்கிருக்கும் கே செல்கள் ஜி.ஐ.பி.யை விடுகின்றன. அது கணையத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது, அதே நேரத்தில் கொழுப்புத் திசுவிலும் வேலை செய்கிறது. உணவுக் கொழுப்பு நேராகக் கல்லீரலுக்குப் போவதில்லை, நிணநீர் வழியாக ஏறி இடது தோள் பக்கத்து ரத்தக் குழாயில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. கொழுப்புத் திசுவின் நுண்குழாய்ச் சுவரில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் ட்ரைகிளிசரைடை, அதாவது ரத்தத்தில் சுற்றும் கொழுப்பை, உடைத்து உள்ளே அனுப்பும். அந்தச் சுவர்வரைக்கும் ரத்தம் வந்தால்தானே அது உடைக்க முடியும்?

வெறும் வயிற்றில் 100 கிராம் கொழுப்புத் திசுவுக்கு நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிலிட்டர் ரத்தம் போகும். சாப்பிட்ட பிறகு ஒல்லியானவர்களுக்கு அது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்த ஏற்றம் மங்கிவிடுகிறது. காசிமேட்டில் லோடு இறங்கும் நேரத்தில் ஐஸ் வண்டி வரவில்லை என்றால் என்ன ஆகும்? மீன் வெளியே கிடந்து கெடும். இங்கேயும் கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றி, கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்குகிறது. ஆகவே சாப்பிட்டதும் கொழுப்புத் திசுவுக்கு ரத்தம் நன்றாகப் போவது நல்லது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மணலி எக்ஸ்பிரஸ்:
டீச்சர், தொப்பைக்குள் ஓடும் ரத்தத்தை எப்படி அளந்தார்கள்? ஊகமா, உண்மையாகவே அளந்ததா?

ராயபுரம் உடலியல் டீச்சர்:
அளந்ததுதான். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலடிக் கொழுப்பில் மிகக் குறைந்த அளவு கதிரியக்க செனான் 133 என்ற வாயுவை மெல்லிய ஊசியால் செலுத்துவார்கள். செனான் கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் ரத்தம் வந்து அடித்துக்கொண்டு போனால்தான் அது அங்கிருந்து நகரும். தோல் மேல் ஒரு டிடெக்டரை வைத்து, எண்ணிக்கை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தால் ரத்த ஓட்டம் தெரிந்துவிடும். ஆக்ஸ்போர்டிலும் கோபன்ஹேகனிலும் இதை வைத்து நிறைய வேலை நடந்திருக்கிறது.

கோபன்ஹேகன் குழு 2010-ல் ஒல்லியானவர்களுக்கு ஜி.ஐ.பி.யை ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தது. இன்சுலினும் சர்க்கரையும் சாப்பிட்ட பிறகு இருக்கிற அளவுக்கு உயர்ந்திருக்கும்போதுதான் அது ரத்த ஓட்டத்தை நன்றாகக் கூட்டியது. அதாவது சாப்பாட்டு நேரத்து ஹார்மோன், அந்த நேரத்தில்தான் இங்கே அதன் பலம். 2017-ல் ஜி.ஐ.பி. ஏற்பியை (செல்லில் அது போய் ஒட்டுகிற இடத்தை) அடைக்கிற ஒரு பொருளைக் கொடுத்தபோது அந்த விளைவு காணாமல் போனது. பருமனானவர்களிடம் ஜி.ஐ.பி. இதே வேலையைச் சரியாகச் செய்யவில்லை, எடை குறைந்த பிறகு ஓரளவு திரும்பி வந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அந்தக் கடைசி முடிவுதான்.

வியாசர்பாடி மெடிக்கல்:
நான் மருந்துக்கடையில் இருக்கிறேன், ஊசி பற்றி மட்டும் சொல்கிறேன். நம் உடம்பில் சுரக்கும் ஜி.ஐ.பி. சில நிமிடங்களில் உடைந்துவிடும். டிர்செபடைடு பாதி குறையவே சுமார் 5 நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒன்று. எடை குறைவது முக்கியமாக மூளையில் பசி அடங்கி சாப்பாடு குறைவதால். ஜி.ஐ.பி. புதிதாகக் கொழுப்பைப் படைப்பதில்லை, வந்த கொழுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் அதன் கை இருக்கிறது. வரவே குறைந்துவிட்டால் சேர்த்து வைக்க என்ன இருக்கும்? ஆனால் ஒன்று, ஜி.ஐ.பி. ஏற்பியை அடைத்து இந்த ஊசியின் இன்னொரு ஹார்மோனான ஜி.எல்.பி-1-ன் வேலையை மட்டும் தூண்டுகிற மருந்திலும் சோதனைகளில் எடை குறைந்திருக்கிறது. தூண்டினாலும் குறைகிறது, அடைத்தாலும் குறைகிறது என்பதற்கு விஞ்ஞானிகளே இன்னும் ஒரே காரணத்தில் வந்து நிற்கவில்லை.

மணலி எக்ஸ்பிரஸ்:
அப்பா நடுக்கத்துக்கு புரோப்ரனலால் போடுகிறார். அது இந்த ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று எங்கோ பார்த்தேனே?

ராயபுரம் உடலியல் டீச்சர்:
2004-ல் வந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு அது. அட்ரினலின் வகை நரம்புச் சைகையை அடைக்கிற புரோப்ரனலாலைக் கொழுப்புத் திசுவுக்குள்ளேயே நேராகச் செலுத்தினார்கள், சாப்பிட்ட பின் வரும் ஏற்றம் நன்றாகக் குறைந்தது. அதாவது ஹார்மோன் மட்டுமல்ல, நரம்பு மண்டலமும் சேர்ந்துதான் குழாயைத் திறக்கிறது. ஆனால் அது மாத்திரை சாப்பிட்டுப் பார்த்த ஆய்வு இல்லை, இதை வைத்து அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து.

தண்டையார்பேட்டை தம்பிக்கு: ஆள் ஒல்லி, வயிறு மட்டும் பெரிசு, கல்லீரலில் கொழுப்பு என்பது நம் ஊரில் ரொம்ப சகஜம். இந்தியர்களுக்கு 23-க்கு மேலேயே பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கூடுதல் என்று கணக்கு வைப்பது இதனால்தான். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு, கல்லீரல் என்சைம் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். மச்சான் ஊசியை உங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

தண்டையார்பேட்டைவாசி:
ரொம்ப நன்றி டீச்சர், மெடிக்கல் அண்ணாவுக்கும் நன்றி. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.