வளாகத்தில் புகையிலையை நிறுத்த நீங்கள் என்ன செய்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தாவரவியல் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வளாகத்தைப் புகையிலை இல்லாத இடமாக்கும் பொறுப்பு ஜூலையிலிருந்து என்னிடம் இருக்கிறது. நானே விரும்பிக் கேட்டு வாங்கியது. என் அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். கடைசி நாலு மாதம் என் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் எங்களோடு பேசினார்.

சட்டம் சொல்கிற 60க்கு 30 சென்டிமீட்டர் 'புகைபிடிக்கக் கூடாது' பலகையை எல்லாக் கட்டட வாசலிலும் மாட்டினோம். பிடிபட்டால் 200 ரூபாய் அபராதம். முதல் மாதம் 14 ரசீது, அடுத்த மாதம் வெறும் 3. நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒருநாள் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, "சார், ஒரு நிமிஷம் மேல வாங்க" என்று விடுதி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பெயின்ட் டப்பா. விளிம்பு வரை சிகரெட் துண்டு. அதே வாரம் கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டு, குழாயைக் கழற்றிப் பார்த்தால், உதட்டுக்கடியில் வைப்பார்களே, அந்தச் சின்னப் புகையிலைப் பொட்டலங்கள் ஊறிப்போய் ஒரு கைப்பிடி வந்தது. பழக்கம் எங்கேயும் போகவில்லை, என் கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கிறது.

இப்போது மூன்று கேள்வி. "ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிடலாமே" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள், செய்யலாமா? பின்வாசல் டீக்கடையில் சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்கிறார்கள். கேட்டால், மெயின் கேட்டிலிருந்து அரை கிலோமீட்டர் என்கிறார் கடைக்காரர்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. இரண்டாம் வருஷப் பையன் ஒருவனுக்கு ரசீது எழுதினேன். "ஃபைன் கட்டிருதேன் சார். ஆனா எப்படி விடுறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்:

முதல் இரண்டுக்கு மட்டும் நான் சொல்கிறேன். மூலை ஒதுக்கவே கூடாது. 2003ஆம் வருஷப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ள 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம் இவற்றுக்குத்தான் அனுமதி. கல்வி நிலையம் அதில் இல்லை.

கடைக்காரர் கணக்கும் தப்பு. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது; அந்தத் தூரத்தைக் காம்பவுண்டுச் சுவரின் வெளி ஓரத்திலிருந்து நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். கேட்டிலிருந்து ரோடு வழியாக அல்ல. அவரையும் கூட வைத்துக்கொண்டு டேப் பிடியுங்கள். போலீசோடு போய் நிற்காதீர்கள். நான் சர்வீஸில் அப்படிப் போன இடத்தில் எல்லாம் சரக்கு பெட்டிக்கடையிலிருந்து பைக் சீட்டுக்கடியில் போனதுதான் மிச்சம். பொட்டலம் விஷயம் வேறு. மெல்லும் புகையிலைக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. அதை உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள்.

விட்டு மூன்று வருஷம்:

சார், அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நானும் அப்படி மொட்டைமாடியில் நின்றவன்தான். முதல் வருஷம் ஒரு நாளைக்கு ஒன்று, எம்.எஸ்சி. வரும்போது பன்னிரண்டு.

விட்ட முதல் நாள் பெரிய வீரம் மாதிரி இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் கொடுமை. தலை பாரம், காரணமில்லாத கோபம், படித்த வரியையே நாலு தடவை படிப்பேன். மெஸ்ஸில் சாம்பார் ஆறியிருந்ததற்கு ரூம்மேட்டைத் திட்டினேன், அவன் பாவம் என்ன செய்வான். இது இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் முதல் தடவையே தாண்டியிருப்பேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, காலம் பூரா இப்படித்தான் இருக்கும்போல என்று பயந்து மறுபடி பற்றவைத்தேன். இன்னொரு தடவை ஊர்க் கோயில் கொடையில் மாமா பையன் நீட்டினான், போச்சு.

மூன்றாம் தடவை சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், பழக்கத்தை விட உதவும் 1800-11-2356க்குப் போன் போட்டேன். காசு கிடையாது, தமிழில் பேசினார்கள். எப்போதெல்லாம் பிடிக்கிறாய் என்று எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் பன்னிரண்டில் ஏழு டீயோடு. அதனால் டீயை விட்டு இரண்டு மாதம் மோர். மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். அதைச் சாதாரண கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கல் வரும். கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனால் மறுபடி கொஞ்சம். வாயில் இருக்கும்போது டீ, காபி ஆகாது, மருந்து சரியாக இறங்காது.

தவறி ஒன்று பிடித்துவிட்டாலும் "எல்லாம் போச்சு" என்று பெட்டி வாங்கிவிடாதே என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு மட்டும் கடிதம் போட்டுவிடாதீர்கள் சார். அப்புறம் ஒருத்தனும் உங்களிடம் வந்து கேட்க மாட்டான்.

விடுதிக் காப்பாளர், கோவை:

ஆசிரியர்கள் காரில் உட்கார்ந்து பிடிப்பதை நிறுத்தாதவரை பையன்களிடம் பேசவே முடியாது. எங்கள் இடத்தில் முதல் ரசீது ஒரு துறைத் தலைவருக்குத்தான் எழுதினோம்.

முக்கூடல் பையன்:

இதற்கு முன்னால் இங்கே எழுதியதில்லை, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் புகையிலை எதிர்ப்பு தினத்துக்கு ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். பீடி சுற்றும் இரண்டு கை, கீழே "விஷம் விற்கும் கைகள்". என் அம்மா கையும் அப்படித்தான் இருக்கும். நகக்கண் எல்லாம் பழுப்பு. இலையை நனைத்து, அச்சு வைத்து வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை சுற்றுவாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தூள் நெடியில் மழைக்காலம் முழுக்க இருமுவாள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில்தான் நான் பிளஸ் டூ முடித்தேன்.

அந்த போஸ்டர் இருந்த பத்து நாளும் நான் வேறு வழியாகச் சுற்றித்தான் வகுப்புக்குப் போனேன். நான் பிடிப்பதில்லை. வீட்டில் யாரையும் ஒரு பீடியைக்கூட எடுக்க அம்மா விடமாட்டாள். வளாகத்தில் புகையிலை இருக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். உங்கள் வகுப்பில் என்னை மாதிரி நாலு பேராவது இருப்பார்கள் சார், படம் போடும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் வாத்தியார்:

தம்பி, நாங்கள் அச்சுக்குக் கொடுத்திருந்த படத்திலும் பீடி சுற்றும் ஒரு அம்மா இருந்தார். நேற்றே போய் எடுக்கச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

கடையை அளந்தோம். சுவரிலிருந்து 37 மீட்டர். கடைக்காரரே டேப்பின் அந்த முனையைப் பிடித்தார். பொங்கல் வரை தவணை கேட்டிருக்கிறார். சட்டப்படி தவணை கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஒற்றை சிகரெட் டப்பாவை இன்றைக்கே உள்ளே எடுங்கள் என்றேன், எடுத்தார். வளாகத்துக்குள் சுண்டல், கொழுக்கட்டைக் கடை போட அவருக்கு இடம் கேட்டுப் பதிவாளருக்கு எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருத்துவ அறையை ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். பதிவேடு கிடையாது, பெயர் கேட்கவில்லை. அந்த இரண்டாம் வருஷப் பையன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, "சார், கதவைச் சாத்திக்கிடலாமா?" சாத்தினோம். மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"விட்டு மூன்று வருஷம்" தம்பி, நீங்கள் திருநெல்வேலிக்கு வர முடியுமா? பஸ் செலவு என்னுடையது. அடுத்த வெள்ளி, ஐந்து மணி.