ஆடுபுலிக்கு எந்தத் தேடல் சரிவரும்?

3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இதைக் கொம்பியூட்டர் விளையாடப் புறோகிராம் எழுதுற ஆக்கள், வரப்போற நகர்த்தல்களைத் தேட அல்பா-பீற்றாவில (பயனில்லாத கிளைகளைப் பாக்காமல் வெட்டிவிடுற தேடல் முறை) துவங்குங்கோ. ஆழத்தை முதலில் பாக்கிற முறை எண்டபடியால் இப்ப நிக்கிற கிளையை மட்டும் நினைவில வைச்சால் காணும். ஆனால் முழுப் பலனும் நகர்த்தலை எந்த ஒழுங்கில பாக்கிறது எண்டதில கிடக்கு. இடத்துக்கு 10 நகர்த்தல், ஆழம் 6 எண்டால் வெறும் மினிமக்ஸ் (ஒரு கிளையையும் வெட்டாமல் எல்லாத்தையும் பாக்கிற முறை) 10 லட்சம் நுனி, அதாவது கிளைகளின்ர கடைசி நிலை, பாக்கும். ஒழுங்கு திறமா அமைஞ்சால் 1,999 நுனி. தலைகீழா விழுந்தால் 10 லட்சத்தில ஒண்டும் குறையாது. புலி ஆட்டை வெட்டுற நகர்த்தலை முன்னுக்கு வையுங்கோ.

தம்பி, அது சரி. எண்டாலும் நல்லதை முதலில் விரிக்கிற முறையை ஒதுக்க ஏலாது. 1979 இல ஸ்ரொக்மன் கொண்டுவந்த அப்பிடியான முறை எஸ்எஸ்எஸ்-ஸ்டார், அதே ஒழுங்கில அல்பா-பீற்றா பாக்காமல் விடுற நுனி எதையும் தொடாது. இடிக்கிறது மெமறிதான். ஒரு கணுவுக்கு (தேடல் மரத்தில ஒரு நிலைக்கு) 40 பைற் எண்டு பிடிச்சால் 4 ஜிபியில 10 கோடி கணு. செக்கனுக்கு 10 லட்சம் சேத்தால் 100 செக்கனில நிரம்பீடும்.

அதுக்கும் வழி இருக்கு அண்ணை. அகலமில்லாத ஜன்னலோட (விடை ஒரு எண்ணுக்கு மேலயோ கீழயோ எண்டு மட்டும் கேக்கிறது) அல்பா-பீற்றாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, பாத்த நிலைகளை அட்டவணையில வைச்சால் எஸ்எஸ்எஸ்-ஸ்டார் செய்யிற வேலையே நடக்கும். பிளாட், ஷேஃபர் ஆக்கள் 1996 இல காட்டினது இது. கேக்கிற எண்ணை மேல் முடிவிலியில இருந்து இறக்காமல், முந்தின ஆழத்தில கிடைச்ச விடையில துவங்கினால் அது எம்ரிடி-எஃப் எண்ட முறை.

பிழைக்கிறது அட்டவணையிலதான். பெறுமதியை மட்டும் போட்டிட்டு, அது சரியான எண்ணோ, மேலெல்லையோ, கீழெல்லையோ எண்ட குறியை விட்டால் புலி நல்ல வெட்டை விட்டிட்டுச் சும்மா நடக்கும். நிலையை அட்டவணையில தேடுற சாவியில ஆரின்ர முறை எண்டதும், கையில மிச்சமுள்ள ஆடும் சேரவேணும். பலகை ஒண்டுபோலத் தெரிஞ்சாலும் கையில 4 ஆடு இருக்கிறதும் ஒண்டுமில்லாததும் வேறவேற நிலை. இதை விட்டவை பிழையை, நிலையின்ர பெறுமதியைக் கணக்கிடுற சூத்திரத்தில தேடிக்கொண்டு இருப்பினம்.

மொன்ரி கார்லோ மரமும் (எழுந்தமானமா ஆட்டங்களை ஓடவிட்டுச் சராசரி எடுக்கிற தேடல்) நல்லதை முதலில் விரிக்கிறதுதான், கோ எண்ட பலகை விளையாட்டுக்கு வாய்ச்ச சாமான். ஆடுபுலியில ஒரே ஒரு தாவலில ஆடு போற பொறி கனக்க. சராசரி எடுக்கேக்க அது அமுங்கிப்போகும். ஆட்டம் குறைவா ஓடவிட்டால் கண்ணுக்கு முன்னால ஆட்டைக் குடுக்கும்.